பீரோ நகர்ந்த வாரம்

எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டிப் பிள்ளைகள் ஊழியத்துக்குப் போன பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் சொந்தக் காசில் வந்தவர்கள். என்னைச் சபை அனுப்பியது. ஏன் அனுப்பியது என்பதை யாரும் மறைக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் நான் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அப்பா பெயிண்டர், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், பரம்பரையில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை, நான்தான் முதல் டிகிரி. அதோடு நான் இறங்கிவிட வேண்டும். "பாருங்க பிள்ளைகளே, எங்கே கிடந்த பெண்ணை ஆண்டவர் எங்கே தூக்கி வெச்சிருக்கார்!" என்று முடித்து வைப்பது எங்கள் டீம் லீடரின் பங்கு.

ஆண்டவர் தூக்கினார் என்பதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் ஹால் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றதும், தெரு விளக்கில் படித்ததும், அரியர் எழுதி அழுததும் நான்தானே? அதை முதல் நாள் சேர்த்துச் சொன்னேன். "சாட்சியில 'நான்' ஜாஸ்தி வருதும்மா, குறைச்சுக்கோ" என்றார் டீம் லீடர்.

அவர் ஊரில் ஆடிட்டர். மற்ற எல்லாரையும் "சிஸ்டர், வாங்க", "பிரதர், உக்காருங்க" என்பார். என்னை மட்டும் "ஏம்மா, நீ". கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பன்மை எனக்கு வரும்போது மட்டும் அவர் நாக்கில் தடுக்கிவிடும்.

நாங்கள் போன விடுதியில் முப்பத்து நாலு பிள்ளைகள். அங்கேயும் பேச்சு தமிழ்தான். மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டாம் என்றே சபை அந்த இடத்தைப் பிடித்திருந்தது. வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு நாட்டிலிருந்து ஏதாவது ஒரு சபை அங்கே வந்து இறங்கும். அது பிள்ளைகளைப் பார்த்ததுமே தெரிந்தது. நாங்கள் கிட்டாரைச் சுருதி சேர்ப்பதற்குள் அவர்கள் பாட்டின் சைகைகளை ஆரம்பித்துவிட்டார்கள். தொலைந்த ஆட்டுக்குட்டி பொம்மலாட்டத்தில் ஆடு காணாமல் போனதும் நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். முன்வரிசையிலிருந்து ஒரு ஆறுதல் வந்தது: "கவலைப்படாதீங்கக்கா, கிடைச்சிடும்."

செவ்வாய்க்கிழமையே ஆடிட்டர், "இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கேவா அங்கிள்? எல்லாரும் வியாழக்கிழமைதானே கேப்பாங்க?"

கேட்டவள் பத்து வயதுப் பெண். ஒல்லி, குட்டை, இடுப்பில் எப்போதும் ஒரு கை. நாங்கள் வந்து இறங்கிய அன்று பெட்டிகளை எங்கே அடுக்குவது என்று முழித்தபோது, "முன்னாடி வந்த டீம் இங்க வெச்சாங்க. அதுக்கு முன்னாடி வந்தவங்களும் இங்கதான். நீங்களும் இங்கயே வைங்க" என்று ஆளை விரட்டி வேலை வாங்கினாள். அப்போதே அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

எப்படியோ கைகள் உயர்ந்தன. சபைக்கு அனுப்பிய செய்தியில் நாற்பது பேர் ரட்சிக்கப்பட்டதாக ஆடிட்டர் எழுதினார். இருப்பதே முப்பத்து நாலு. சில பேர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள்.

சாப்பாட்டு ஹாலின் நீளச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது எங்கள் கைவேலை. வந்த டீம் எல்லாம் அந்தச் சுவருக்குத்தான் அடித்திருந்தது. கூரை ஒழுகும் குளியலறை இருக்கிறது, கதவு ஆடும் சமையலறை இருக்கிறது. ஆனால் குரூப் போட்டோவுக்கு எல்லாரும் நிற்பது இந்தச் சுவருக்கு முன்னால். அப்பா தூரிகை பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பழசைச் சுரண்டாமல், உப்புத்தாள் போடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தார்கள். மூலையில் நின்ற இரும்பு பீரோவைக்கூட நகர்த்தாமல் அதன் ஓரம் வரை வந்து பிரஷ்ஷை எடுத்திருந்தார்கள்.

இந்த முறை பீரோ நகர்ந்தது. எங்கள் டீமில் ஒருவர் புது அலமாரி வாங்கிக் கொடுத்திருந்தார். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளி பீரோவை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினோம். மஞ்சள் சுவரில் பீரோ அளவுக்கு ஓர் அழுக்குப் பச்சைக் கட்டம் வெளியே வந்தது.

செவ்வாய் சாயங்காலம் மேஸ்திரி அந்தக் கட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பச்சையில் ஆணியால் கீறிய ஒரு கோடு. பக்கத்தில் 11 என்ற எண். எண்ணுக்குப் பக்கத்தில் குட்டிப் பூ.

"அக்கா, இந்தச் சுவத்துக்கு எப்ப அடிப்பீங்க?"

"நாளைக்கு ஆரம்பிக்கிறோம்."

"அடிக்கக் கூடாது."

"ஏன், நீங்க வாங்கின சுவரா?"

"இது எங்க அக்காவோட கோடு."

கதை அப்புறம்தான் வந்தது. அம்மா அப்பா இல்லாத இரண்டு பேர். அக்காவும் இதே விடுதியில் வளர்ந்தவள். இப்போது பத்தொன்பது வயது, நகரத்தில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, தங்கச்சியின் பிறந்தநாளுக்கு வருவாள். வருகிற சனிக்கிழமை பிறந்தநாள். பதினொன்று.

"போன வருஷம் வந்தப்ப, என்னையும் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். அவ, 'நான்தான் அக்கா, எப்பன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்'ன்னா. அப்ப யாரு உயரமோ அவங்கதான் அக்கான்னு நான் சொன்னேன்."

"அதெப்படி? அவ உன்னைவிட எட்டு வயசு பெரியவ."

"அதான்க்கா. பதினோரு வயசுல அவ இருந்த உயரத்தை பதினோரு வயசுல நான் தாண்டணும். தாண்டிட்டா நான்தான் அக்கா. ஒரு வருஷம் நான் சொல்றதை அவ கேக்கணும். பந்தயம். உடனே ஒத்துக்கிட்டா. ஏன் தெரியுமா? 'என் கோடு பீரோவுக்குப் பின்னாடி இருக்கு, போய் அளந்துக்கோடி'ன்னு ஒரே சிரிப்பு. நகரவே நகராதுன்னு அவளுக்குத் தைரியம்."

"இப்ப நகர்ந்துடுச்சு."

"நீங்க வந்து பண்ணின அற்புதம் இது ஒண்ணுதான்க்கா" என்றாள்.

டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளலாமே என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லுவா. கோடுதான் சாட்சி."

"எங்க, நில்லு பாக்கலாம்" என்றேன்.

சுவரில் முதுகை ஒட்டி, மோவாயைத் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள். அவள் தலைமேல் நோட்டை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு இரண்டு விரல் குறைச்சல்.

"ரெண்டு விரல் பத்தலையே."

"சனிக்கிழமைதானே பிறந்தநாள்? இன்னும் நாலு நாள் இருக்கு." அன்றிலிருந்து நேரம் கிடைத்தபோதெல்லாம் அவள் ஜன்னல் கம்பியில் தொங்கினாள்.

கோட்டின் இடத்தை நான் மனதில் குறித்துக்கொண்டேன். ஸ்விட்ச் போர்டின் கீழ் ஸ்க்ரூவுக்கு நேராக இருந்தது. பெயிண்டர் வீட்டுப் பழக்கம், சுவரைப் பார்த்தால் எதற்கு எது நேர் என்று கண் தானாகத் தேடும்.

புதன்கிழமை காலை ஆடிட்டர் ரோலரைப் பெயிண்டில் முக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் போட்டோ எடுக்க ஒருவர். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பொய்யை எடுத்தேன்.

"ஐயா, இந்தச் சுவர்ல ஈரம் இருக்கு. இப்ப அடிச்சா நிக்காது. இந்த வருஷம் இதை விட்டுடலாம்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

பெயிண்டர் மகளுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். தினமும் மேடையில் அதைத்தானே சொல்ல வைக்கிறார்கள்? ஆனால் மேடையில் அது நான் தூக்கி எடுக்கப்பட்ட பள்ளம். அறிவாக அதை அவர் கணக்கில் எடுக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. "எனக்குத் தெரிஞ்ச சீனியர் கான்ட்ராக்டர் ஒருத்தர் இருக்கார். இருபத்தஞ்சு வருஷ அனுபவம். கேட்டுப் பாக்கலாமா?" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் சார்" என்றேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "யாரு… நானா சார்?"

"ஆமா சார். நான் ஊழியத்துக்கு வந்த இடத்துல இருந்து பேசறேன் சார். பக்கத்துல எங்க டீம் லீடர் ஆடிட்டர் ஐயா இருக்கார். ஒரு சுவரைப் பத்திக் கேக்கணும்."

அப்பா கெட்டிக்காரர். தொண்டையைக் கனைத்தார். "சொல்லுங்க மேடம்."

மேடம்! சிரிப்பை அடக்க நான் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன். ஆடிட்டர் போன் பக்கம் குனிந்து, "சார், வணக்கம் சார். சுவர்ல ஈரம்னு எங்க பொண்ணு சொல்லுது. உங்க அபிப்பிராயம் என்ன சார்?" என்றார்.

இந்த இடத்தில் அப்பா "அடிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வேலை விஷயத்தில் அப்பாவுக்குப் பொய் வராது. எத்தனை கோட்டிங் ஏறியிருக்கிறது, தட்டினால் சத்தம் எப்படி, கையை வைத்தால் குளுமையா என்று வரிசையாகக் கேட்டார். ஆடிட்டர் ஓடி ஓடித் தட்டிப் பார்த்துப் பதில் சொன்னார்.

"ஈரமெல்லாம் இல்ல சார். மேல மேல அப்பியிருக்காங்க, அவ்வளவுதான். எல்லாத்தையும் சுரண்டி எடுங்க. பழசு தடியா இருந்தா தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். அப்புறம் பட்டி பாத்து மட்டம் பண்ணி, பிரைமர் அடிச்சு, பெயிண்ட் அடிங்க. பத்து வருஷம் பேசாது."

"சுரண்டிடலாம் சார்! இன்னைக்கே சுரண்டிடலாம்!"

மேஸ்திரி தூணுக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்தாள். வெறும் பெயிண்டாக இருந்தால் கோடு அடியிலாவது கிடந்திருக்கும். நான் புகுந்து உதவி செய்ததில் இப்போது அடியோடு போகப் போகிறது.

ஆடிட்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ரொம்ப நன்றி சார். இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. உங்க ஆபீஸ் எங்க சார்? எங்க வீட்டுக்கும் உங்களையே கூப்பிடணும்."

"உங்க வீட்டுக்கு நான்தான் சார் போன வருஷம் அடிச்சேன்" என்றார் அப்பா சாதாரணமாக. "மாடிப்படிக்குக் கீழ உக்காந்து சாப்பிடச் சொன்னீங்களே. அந்தப் பெயிண்டர். ஹால்ல கலர் நல்லா நிக்குதுங்களா?"

ரோலரிலிருந்து ஒரு சொட்டு ஆடிட்டரின் ஷூவில் விழுந்தது. போட்டோ எடுக்க வந்தவர் கேமராவைத் தாழ்த்தினார். அப்பா, "வெச்சிடறேன் மேடம், சாரத்துல நிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

"அப்பாவா?" என்றார் ஆடிட்டர்.

"ஆமா ஐயா."

அவர் ஷூவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப… இந்த வேலையை நீங்களே பாத்துக்கங்க சிஸ்டர்" என்றார். நாக்கு தடுக்கவில்லை. எனக்கு அது இனித்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இனித்ததற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

பதவி கிடைத்ததும் முதல் உத்தரவாக, பீரோ இருந்த மூலையை யாரும் தொடக் கூடாது, அது நுணுக்கமான வேலை, நான்தான் செய்வேன் என்று அறிவித்தேன். இரண்டு சாப்ட்வேர்காரர்களும் ஒரு பேராசிரியையும் ஆடிட்டரும் கொத்துக்கரண்டியோடு மீதிச் சுவரில் பாய்ந்தார்கள். தூசியில் எல்லாரும் சமமாக வெளுத்துப் போனார்கள்.

"தோல் மாதிரி உரிஞ்சு வரும்" என்று அப்பா சொன்னது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் கைவேலைப் பெட்டியிலிருந்து அகலமான கண்ணாடி டேப்பை எடுத்து வந்தேன். கோடு, எண், பூ மூன்றும் அடங்குகிற மாதிரி மேலே ஒட்டி அழுத்தினேன். சுற்றிலும் பிளேடால் கீறினேன். ஓரத்தில் வெந்நீர்த் துணியை வைத்து ஊறவிட்டுத் தகட்டை மெல்ல உள்ளே செருகினேன். மேஸ்திரி என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"கிழிஞ்சா கொன்னுடுவேன்க்கா."

"மூச்சை அந்தப் பக்கம் விடு."

காயத்திலிருந்து பிளாஸ்திரி வருகிற மாதிரி, பச்சைத் தோல் டேப்போடு முழுசாக வந்தது. அவள் அதை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தலையணைக்கு அடியில் கொண்டுபோனாள்.

வியாழன் பட்டி, பிரைமர். வெள்ளி பெயிண்ட். சாயங்காலம் குரூப் போட்டோ. சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது, அப்பாவுக்கும் படம் அனுப்பினேன். 'மூலையில் பிரஷ் தடம்' என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை, ஐஸ் குச்சியில் வீடு செய்யக் கொண்டுவந்த பசையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். மேஸ்திரி அட்டையைப் பிரித்து நீட்டினாள். தோலின் முதுகில் பசை தடவி, ஸ்விட்ச் போர்டின் கீழ் ஸ்க்ரூவுக்கு நேராகத் தூக்கினேன்.

"அக்கா."

"என்ன?"

"கொஞ்சம் கீழ ஒட்டலாமா?"

"எவ்வளவு?"

"ரெண்டு விரல்." யோசித்துவிட்டு, "ரெண்டரையா இருந்தா நல்லது" என்றாள்.

அவள் கண் கெஞ்சவில்லை. வேலைக்காரனிடம் மேஸ்திரி பேசுகிற தோரணைதான். ஆனால் ஜன்னல் கம்பியில் தொங்கித் தொங்கி அவள் உள்ளங்கை இரண்டும் கன்றிப் போயிருந்தன. தோற்றால் இன்னும் ஒரு வருஷம் 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்கிற பேச்சுதான் அவளுக்கு.

பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது என்று அந்த வாரம் முழுக்க நாங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டாகவே கற்றுக் கொடுத்திருந்தோம். முப்பத்து நாலு பேரில் நாற்பது பேரை ரட்சித்தவர்களும் நாங்கள்தான். ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இரண்டரை விரல் கீழே இறக்கி ஒட்டினேன்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தாள். நெடுநெடு உயரம். சோப்பிலும் ஆவியிலும் வெந்து சிவந்த கைகள். ஹாலுக்குள் காலை வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"பீரோ எங்கடி?"

"பீரோ போச்சு. நீ வா, வந்து பாரு."

மேஸ்திரி சுவரோடு ஒட்டி நின்றாள். நான் நோட்டைத் தலையில் வைத்தேன். கோட்டுக்கு மேல் அரை விரல். அவள் குதிக்கவில்லை, குதித்தால் சந்தேகம் வரும் என்று தெரிந்த பெண்.

அக்கா கோட்டைப் பார்த்தாள். பூவைத் தடவினாள். புது வெள்ளையில் டேப்போடு மின்னிக்கொண்டிருந்த அழுக்குப் பச்சையைப் பார்த்தாள். அப்புறம் அவள் கண் மெதுவாக ஸ்விட்ச் போர்டுக்குப் போனது.

"என் கோடு அந்த ஸ்க்ரூவுக்கு நேரா இல்ல இருந்துச்சு?"

மேஸ்திரி ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னைக் கைகாட்டினாள். "பெயிண்ட் அக்காவைக் கேளு. அவங்கதான் வேலை பாத்தது. அவங்க அப்பா பெரிய கான்ட்ராக்டர்."

"அது… பட்டி பாத்தா, காயும்போது சுவர் கொஞ்சம் இறங்கும்" என்றேன்.

பெட்டியை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஆடிட்டர் நின்றார். சுவரை, டேப்பை, சின்னவளின் தலைமேல் இருந்த நோட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா, இறங்கும். சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சுவர் இறங்குச்சு, சரி. ஸ்விட்ச் மட்டும் ஏன் இறங்கல?"

"அது கரண்ட்ல நிக்குது" என்றாள் மேஸ்திரி.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் கையை ஊன்றி, குனிந்து, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கச்சிக்கு முன்னால் கையைக் கட்டி நின்றாள்.

"சரிங்க அக்கா. சொல்லுங்க, என்ன உத்தரவு?"

நாலு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம் மேஸ்திரியின் வாயில் தயாராக இருந்தது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தவள், அக்காவின் கைகளைப் பார்த்துவிட்டாள்.

"உன் ரூம்ல எத்தனை கட்டில்?"

"நாலு."

"எத்தனை பேர்?"

"ஆறு."

மேஸ்திரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். கட்டில்களை மனதுக்குள் நகர்த்திப் பார்க்கிற மாதிரி இருந்தது. எங்கும் இடம் அமையவில்லை போலிருக்கிறது.

"அப்ப மாசம் ஒரு தடவை நீ வரணும். அதான் உத்தரவு. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவங்க எங்களுக்கு நிறையப் பேர் இருக்காங்க."

பெட்டிகளோடு நின்ற நாங்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

"மாசா மாசம் லீவு…"

"அக்கா சொன்னா கேக்கணும்."

"வர்றேன்."

"'வர்றேங்க அக்கா'ன்னு சொல்லு."

"வர்றேங்க அக்கா" என்று அவள் தங்கச்சியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அந்த உயரம் அதற்குச் சரியாக இருந்தது.

கிளம்பும் நேரத்தில் ஆடிட்டர் மேஸ்திரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அடுத்த வருஷம் வரும்போது உங்களுக்கு என்ன கொண்டு வரணும்?" என்றார். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

மேஸ்திரி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கோடு, டேப், இரண்டரை விரல் மேலே ஸ்க்ரூ. யார் வேண்டுமானாலும் எந்த மாதம் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி, எல்லாம் வெட்டவெளிச்சமாக இருந்தது.

"ஒண்ணும் கொண்டு வர வேணாம் அங்கிள். போறதுக்கு முன்னாடி அந்தப் பீரோவைப் பழையபடி இங்கயே வெச்சிட்டுப் போங்க."

வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பயண உடுப்போடு எட்டுப் பேர் ஸ்டோர் ரூமுக்குப் போனோம். மூன்று நாள் சுரண்டி, பூசி, தேய்த்து, அடித்த சுவரின் மேல் பழைய பீரோவைக் கொண்டுவந்து சாத்தினோம்.

"பெயிண்ட் அக்கா, உங்க பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் மேஸ்திரி. "போதும். நிறுத்து. இனி யாரும் தொடக் கூடாது."